பழைய புடவை, ஒரு ஊசி, கொஞ்சம் நூல்: கைத்தையல் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பீரோவில் கட்டாமல் கிடக்கும் புடவைகளை வைத்துப் போர்வை, பை, கால்மிதி என்று ஏதாவது செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காக இது. ஜாக்கெட், சுடிதார் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பக்கத்துத் தெரு தையல் வகுப்புதான் சரி. இங்கே பொழுதுபோக்காகத் தைப்பதைப் பற்றி மட்டும்.

தையல் வகுப்புக்கே போனதில்லை. என்னால் முடியுமா?

முடியும். ஜாக்கெட்டுக்குக் கழுத்து, கைக்குழி, டாட் என்று ஆயிரம் கணக்கு உண்டு. போர்வைக்கு அதெல்லாம் கிடையாது. நேர்கோட்டில் போகத் தெரிந்தால் போதும். ஊசியை மேலும் கீழுமாகக் குத்தி எடுத்து நேரே போவதுதான் ஓடு தையல். அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே பெரிய விரிப்பு முடிக்கலாம். அதோடு பின் தையலும் தெரிந்துவிட்டால் பையும் தைக்கலாம்: ஒரு தையல் முன்னே போய், அதில் பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே போவதுதான் பின் தையல். இழுத்தாலும் பிரியாது என்பதால் கனம் தாங்க வேண்டிய இடத்துக்கெல்லாம் அதுதான்.

மிஷின் வாங்கிவிட்டுத் தொடங்கட்டுமா?

வேண்டாம். முதல் போர்வையைக் கையாலேயே முடியுங்கள். ஆசைப்பட்டு மிஷின் வாங்கி, மூன்றாம் மாதம் அதன்மேல் துணி மடித்து வைக்கும் வீடுகள் நிறைய உண்டு. கைத்தையல் என்றால் டிவி முன்னால் உட்கார்ந்து தைக்கலாம், பஸ்ஸில் தைக்கலாம், மின்சாரம் போனாலும் ஜன்னலோரம் தைக்கலாம். ஒன்றை முடித்த பிறகும் கை துறுதுறு என்றிருந்தால் அப்போது மிஷினைப் பற்றி யோசிக்கலாம். அம்மாவோ பாட்டியோ வைத்திருந்த கறுப்பு மிதி மிஷின் வீட்டில் இருந்தால் புதிதாக எதுவும் தேவையில்லை. எண்ணெய் போட்டு, பெல்ட் மாற்றினால் அது இன்னும் பல வருஷம் ஓடும்.

கட்டாயம் வாங்க வேண்டியவை என்ன?

ஊசி, நூல், கத்தரி, இஞ்ச் டேப், ஒரு டப்பா குண்டூசி, சாக்பீஸ். இவ்வளவுதான். குண்டூசியில் உருண்டை பிளாஸ்டிக் தலை உள்ளதை வாங்குங்கள். தரையில் விழுந்தால் காலுக்கு முன்னால் கண்ணுக்குப் படும்.

ஊசி எண்ணில் பலருக்கும் குழப்பம் வரும். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் அப்படியே தலைகீழ்: 11 மெல்லியது, 14 சாதாரணப் பருத்திக்கு, 16-ம் 18-ம் ஜீன்ஸ் போன்ற கனத்துக்கு. கடையில் வெறும் எண்ணை மட்டும் சொல்லாமல், கைக்கா மிஷினுக்கா என்பதையும் சொல்லுங்கள்.

நூலை முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் முடிச்சு விழுந்து, அதைப் பிரிப்பதில் இரண்டு மடங்கு நேரம் போகும். நூலைத் தேன்மெழுகிலோ மெழுகுவர்த்தியிலோ ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்கு குறையும்.

கத்தரி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது, பால் பாக்கெட் கூடவே கூடாது. வீட்டில் யார் எடுத்தாலும் குரல் உயர்த்தலாம், தப்பில்லை. மழுங்கிப் போனால் தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்து வாங்குங்கள்.

எந்தத் துணி நல்லது?

பத்துத் தடவை துவைத்த பருத்தி. அதற்கு இணை கிடையாது. சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும், கஞ்சி போய் மெத்தென்று ஆகியிருக்கும். சுங்குடி, கோவைப் பருத்தி, செட்டிநாட்டுக் கட்டம் எல்லாமே அருமையாக வரும். புதுத் துணி சேர்ப்பதாக இருந்தால் தைப்பதற்கு முன்பே தனியாகத் துவைத்து விடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் புதுசு மட்டும் சுருங்கி, பழசு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

பருத்தியா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, சிங்க்குக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு உதிரும் சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி இரண்டு குணமும் காட்டும்.

அடுத்தது பலம். துணியை இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் பிடித்து வெளிப்பக்கம் அழுத்துங்கள். சரக்கென்று கிழிந்தால் அந்த இடத்துக்கு ஆயுசு முடிந்தது. புடவையில் உள்கட்டுப் பக்கமும், தரையில் உரசும் கீழ் ஓரமும்தான் முதலில் நைந்து போகும். முந்தியும் கொசுவமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வீட்டில் ரவிக்கைப் பிட்டு மலைபோல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

தாம்பூலத்தோடு வந்து, அடுத்த நவராத்திரிக்கு வேறு வீட்டுக்குப் போய், சில சமயம் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வரும் பிட்டுகளைத்தானே சொல்கிறீர்கள்? தாராளமாக. அந்தச் சுற்றுலாவை யாராவது ஒருவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறத்துக்குப் பஞ்சமே இல்லாத சரக்கு அது. முதலில் கொளுத்திப் பார்த்துப் பருத்தியைத் தனியாகப் பிரியுங்கள். பாலியஸ்டர் கலந்தது பைக்கு உள்துணியாகட்டும்.

ஒரு புடவையில் ஒரு போர்வை வருமா? அளவோடு சொல்லுங்கள்.

ஒரு புடவை, ஒரு எட்டு முழ வேட்டி. இரண்டும் சேர்ந்தால் ஒருவர் போர்த்திக்கொள்ள நாலு அடுக்குப் போர்வை வரும்.

புடவை ஐந்தரை மீட்டர், அகலம் சுமார் 45 இஞ்ச். அதில் 1.8 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள்: மேல்துணி, அடித்துணி. எட்டு முழ வேட்டி சுமார் 3.6 மீட்டர், இரண்டாக மடித்தால் அதே 1.8 மீட்டரில் நடுவில் வைக்க இரண்டு அடுக்கு. வேட்டி அகலத்தில் கொஞ்சம் அதிகமாக இருக்கும், வெட்டிக்கொள்ளலாம். புடவையில் மிச்சம் 1.9 மீட்டர் இருக்கும். அதில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் நான்கு பட்டி கிழித்தால் சுற்று ஓரம் முழுவதும் மடித்துத் தைக்கக் காணும்.

ஹாலைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். நாலு மூலையையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். எங்கேயாவது சுருக்கம் இருந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும், பிறகு முடியாது. பிறகு நடுவில் தொடங்கி ஓரம் வரைக்கும் குண்டூசி.

இப்போது இழையோட்ட வேண்டும். அதாவது, பிரித்து எடுத்துவிடப் போகிற நூலில், மூன்று விரல் நீளத்துக்குப் பெரிய பெரிய தையலாக நாலு அடுக்கையும் பிடித்து ஓட்டுவது. இதுவும் நடுவிலிருந்துதான் தொடங்கும். “குண்டூசிதான் இருக்கிறதே, இது எதற்கு?” என்று இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்களின் போர்வைதான் ஒரு மூலையில் இழுத்துக்கொண்டு நிற்கும். சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம்தான் உண்மையான தையல். ஒன்றரை இஞ்ச் இடைவெளியில் நீளவாக்கில் வரிசையாக ஓடு தையல். ஒவ்வொரு தையலும் ஒரு பொன்னி அரிசி நீளம் இருந்தால் அழகு. சிறியதாகப் போட வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள், ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முடிச்சு வெளியே தெரியாமலிருக்க, ஊசியை மேல்துணி வழியாக ஒரு இஞ்ச் தள்ளி நுழைத்து, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, மெதுவாகச் சுண்டி இழுங்கள். ‘டப்’பென்று சின்னச் சத்தத்தோடு முடிச்சு உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் பிடித்துப்போகும்.

கணக்குப் போட்டால் இப்படி சுமார் 30 வரி, ஒவ்வொன்றும் 1.8 மீட்டர். மொத்தம் 54 மீட்டர் தையல். நூல் ஏற இறங்கப் போவதும் முடிச்சும் சேர்த்து 70 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டில் 8 மீட்டர், அதில் 6 இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர். ஆக, மூன்று கட்டு போதும். புதிதாகக் காசு போட்டு வாங்குவது அது மட்டும்தான்.

இழைநூலைக் கடைசியில் உருவிவிட்டு ஓரப் பட்டி தையுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். தினம் இரண்டு வரி போட்டால் அரை மாதம்.

சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டித் தைக்கும்போது அளவு எப்போதும் குறைந்து போகிறதே?

தையலுக்கு விடும் துணியைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம். 5 இஞ்ச் சதுரத்தில் ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போகும், மிச்சம் நாலரை. பத்துச் சதுரம் சேர்த்தால் 50 இஞ்ச் வராது, 45 தான் வரும். ஓரச் சதுரங்களின் வெளிப்பக்கக் கால் இஞ்ச்சும் கடைசியில் பட்டிக்குள் மறைந்துவிடும்.

சதுரம் வெட்ட அட்டையில் ஒரு அச்சு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அச்சைத்தான் வைக்க வேண்டும். முன்பு வெட்டிய துணியையே அச்சாக வைத்து அடுத்ததை வெட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே போகும். வெட்டும்போது இழை நேராக இருக்கட்டும். இழைக்குச் சாய்வாக வெட்டிய துண்டு இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள், தேய்த்து இழுக்காதீர்கள்.

இது வெளிநாட்டுக்காரர்கள் கலைதானே? நம் பக்கம் உண்டா?

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்துக் கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. நவீன ஓவியம் மாதிரி இருக்கிறது என்று உலகம் வியந்தது. அதனால் இது அங்கிருந்து வந்தது என்ற எண்ணம் பலருக்கு.

ஆனால் வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி எல்லாமே பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி ஓடு தையல் போட்டவைதான். வங்காளத்தில் தைக்கிற நூலையும் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்களின் கவந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத் துணிகளை ஓரத்தோடு ஓரமாக வைத்துச் சுற்றிக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்து முடிப்பார்கள். முன்கூட்டியே வரைவது கிடையாது. கடைசியில் நாலு மூலையிலும் மடித்த சின்னத் துணியைப் பூவாகத் தைத்தால்தான் போர்வை முழுமை.

நம் ஊரில் பழைய புடவைக்கு வேறு கடமைகள் இருந்தன. தூளியாகத் தொங்கும், பிள்ளைக்கு அடிவிரிப்பாகும், வடகம் காயப்போட மாடிக்குப் போகும், மிச்சம் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் டம்ளராக மாறும். துணிமேல் துணி வெட்டி ஒட்டும் தையல் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சைத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த வேலை அது. அடுத்த தேர்த் திருவிழாவில் சாமியைப் பார்த்த கையோடு தொம்பையின் ஓரத் தையலையும் ஒரு கண் பார்த்துவிட்டு வாருங்கள்.

உண்மையாகச் சொல்லுங்கள், இதில் காசு மிச்சமாகுமா?

வீட்டில் இருக்கிற துணியைப் பயன்படுத்தினால் ஆகும். போர்வை தைப்பதற்கென்று மீட்டர் கணக்கில் புதுத் துணி வாங்கினால் ஆகாது. ஈரோட்டிலோ கரூரிலோ நெய்து வரும் ரெடிமேட் போர்வையின் விலையோடு கைத்தையல் போட்டி போட முடியாது. சிக்கனம் என்ற பெயரில் விதவிதமான கத்தரி, நூல் ராக், பூப்போட்ட துணி என்று அலமாரி நிரப்புகிறவர்களைப் பார்க்கிறோம். அது வேறு பொழுதுபோக்கு, அதன் பெயர் ஷாப்பிங்.

துணி குறைந்தால் பக்கத்து டெய்லரிடம் கேளுங்கள். வெட்டிப்போட்ட லைனிங் துண்டு, சட்டைத் துணி ஓரம் எல்லாம் அவர் கடையில் மூட்டையாகக் கிடக்கும். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கட்பீஸ் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

பட்டுப்புடவையை வெட்டலாமா?

வெட்டுவதற்கு முன் ஜரிகையைக் காட்டி விசாரியுங்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கும், பழைய பட்டு வாங்குகிறவர்கள் அதற்குத்தான் பணம் தருகிறார்கள். மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துபோன பட்டு போர்வைக்கு ஆகாது. ஜரிகை உடம்பில் குத்தும், துவைக்கவும் முடியாது. கரையை மட்டும் எடுத்துக் குஷன் உறையில் வைத்துத் தைக்கலாம், கொலுப்படிக்கு ஓரமாகப் போடலாம்.

இறந்துபோன அம்மாவின் புடவைகள் இருக்கின்றன. வெட்ட மனசு வரவில்லை.

வெட்டாதீர்கள், அவசரமே இல்லை. சில வீடுகளில் இறந்தவர் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது. சில வீடுகளில் உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் அண்ணன், தங்கை, சித்தி என்று எல்லோரிடமும் பேசிவிடுங்கள். “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்ற மனத்தாங்கல் போர்வையைவிட நீண்ட நாள் நிற்கும்.

செய்வதென்று முடிவானால், அவர் விசேஷத்துக்குக் கட்டியதை விட்டுவிட்டு வீட்டில் தினமும் கட்டியதை எடுங்கள். எப்படியும் அதுதான் மெத்தென்று இருக்கும். முந்தியை வெட்டாமல் முழுசாக நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்றதை அமைக்கலாம். உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் என்றால் ஒரே புடவையை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு போர்வையில் வருமாறு செய்யலாம். முதல் போர்வையாக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். வேறு துணியில் கை பழகிய பிறகு தொடங்குங்கள்.

பழைய டி-ஷர்ட், பனியனில் என்ன செய்யலாம்?

கால்மிதி. டி-ஷர்ட்டைக் கைக்குழிக்குக் கீழே குறுக்கே வெட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். அதை ஒரு இஞ்ச் அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டிக்கொண்டே போங்கள். சுற்றளவு 40 இஞ்ச், உயரம் 15 இஞ்ச் என்றால் 15 மீட்டர் நாடா வரும். இழுத்துவிட்டால் ஓரம் தானே சுருண்டு கயிறு போலாகும், பிசிறு வராது. மூன்று நாடாவைச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே அடிப்பக்கம் தைத்தால் முடிந்தது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுப்பகுதி தொப்பி மாதிரி எழும்பிவிடும். தரையில் வைத்தபடியே தையுங்கள்.

துணிப்பை தைத்தால் கைப்பிடி பிய்ந்துகொண்டு வருகிறது.

கைப்பிடியைப் பையின் விளிம்பில் மட்டும் தைத்திருப்பீர்கள். ஒன்றரை இஞ்ச் கீழே இறக்கி வைத்து, சுற்றிலும் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி என்று தையுங்கள். கனம் பரவிவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பிறகு எல்லார் வீட்டிலும் மஞ்சப்பை சேர்ந்திருக்கிறது. நன்றாக உழைக்கும் ஒன்றைத் திருப்பிப்போட்டுக் கைப்பிடி தைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள், அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மிஷினில் அடிப்பக்கம் நூல் கொசகொசவென்று சேர்கிறது. பாபின் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் அடிநூல் சுற்றியிருக்கும் பாபின்மேல் குற்றமில்லை. கீழே நூல் சேர்ந்தால் மேலே கோர்த்ததில் தவறு இருக்கும். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபூட்டைத் தூக்கிவிட்டு, நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோருங்கள். ஃபூட் கீழே இருக்கும்போது கோர்த்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக உட்காராது.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். புது ஊசியில் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும்; நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். எண்ணெய் என்றால் மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

விளக்கு வைத்த பிறகு தைக்கக் கூடாது என்கிறார் மாமியார்.

சிம்னி விளக்குக் காலத்தில் கண்ணும் கெடும், தொலைந்த ஊசியும் காலில் ஏறும். அதற்காக வந்த கட்டுப்பாடாகவே எனக்குப் படுகிறது. இன்று நல்ல வெளிச்சம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டில் சண்டை எதற்கு? கோர்ப்பது, தைப்பதைப் பகலில் வைத்துக்கொண்டு, நிறம் பிரிப்பது, அளவு எழுதுவது போன்றவற்றைச் சாயந்திரம் செய்யலாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைப்பது எப்படியும் பகல் வேலைதான்.

செய்து விற்கலாமா?

பை, கால்மிதி விற்கலாம். கையால் தைத்த போர்வைக்கு உழைத்த நேரத்துக்கான விலையைக் கேட்டால் வாங்க வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆர்டர் எடுத்த அன்றே தேதி வந்துவிடும், தேதி வந்தால் அது வேலை. கல்யாணம், வளைகாப்பு என்று பரிசாகக் கொடுக்கவே எனக்கு இஷ்டம்.

துவைப்பது எப்படி?

முதல் தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். சாயம் போகும் துணி இருந்தால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சேர்த்துப் போடுங்கள், எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். உப்புப் போட்டால் எல்லாச் சாயமும் நின்றுவிடும் என்பதை நம்ப வேண்டாம். நனைந்த நாலு அடுக்குப் போர்வை நல்ல கனம் கனக்கும். முறுக்கிப் பிழிந்தால் தையல் அறுந்துவிடும். சுருட்டி அழுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே போட்டு நிழலில் காயவிடுங்கள். மழைக்காலத்தில் துவைக்காதீர்கள், நடு அடுக்கு காயாமல் முக்கல் நாற்றம் வந்துவிடும். எங்கேயாவது தையல் விட்டிருந்தால் காய்ந்த அன்றே இரண்டு தையல் போட்டு வையுங்கள்.